கிராணி கூட்டிப் போட்ட மூன்று வயது

பெக்கான் நானாஸ்,
சனிக்கிழமை, பசியாறும் நேரம்.

மரியாதைக்குரிய மச்சான் சபாபதி அவர்களுக்கு,

உங்கள் தங்கை காளியம்மாவின் வீட்டுக்காரன் கமலநாதன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். தங்காக்கில் உங்கள் சர்க்கரையும், உங்கள் வீட்டுக்கார அக்காவின் கண்ணும், ஹாலில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் உங்கள் எல்.சி.இ. சர்டிபிகேட்டும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து கேட்பாள். வாட்சாப் குடும்பக் குழுவில் எழுதினால் வசந்தன் சிங்கப்பூரிலிருந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை அனுப்புவான். பெற்ற தகப்பனுக்கு அனுப்புகிற பதிலா அது? அதனால்தான் தபால்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்து தங்கி, மறுநாள் காலை என்னோடு பொந்தியான் பதிவிலாகாவுக்கு வந்து, இந்தக் கமலநாதன் அடையாளக் கார்டில் இருப்பதைவிட மூன்று வயது இளையவன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொல்ல உயிரோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். காரணம் கீழே உள்ளது. நீங்கள் பேப்பரில் மரண அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு மடிப்பதுபோல் இதை மடித்துவிடாமல் முழுக்கப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளில் வளர்ந்தவர்களின் படிப்பையும் திறனையும் அளக்கிறதாம், ஒரு நாட்டு மக்களின் திறனுக்கும் அந்த நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிக்கிறதாம், அதற்காக ஜொகூர் முழுவதும் குலுக்கிப் போட்டு எடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாம், வீட்டில் ஒருவருக்கு வாசிப்பு, கணக்கு, சிக்கல் தீர்ப்பது என்று மூன்றிலும் சோதனை வைப்பார்களாம். மச்சான், ‘சோதனை’ என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று உங்களுக்கு மட்டும்தான் புரியும்.

வசந்தனிடம் சொல்லி அந்த நிலையத்தின் அறிக்கை ஒன்றை அச்செடுத்து வாங்கினேன். இருநூறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கோடு, கோட்டைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடு. படிப்பு ஏறினால் திறன் ஏறும், திறன் ஏறினால் வருமானம் ஏறும் என்பதுதான் மொத்தச் சாரம். இதையே நம் ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஜெயபாலன் வாத்தியார், “படிக்கலன்னா பால் வாளிதான்டா” என்று முடித்துவிடுவார், அவருக்கு ஒரு புள்ளியும் தேவைப்படவில்லை. ஆனாலும் நான் விடாமல் படித்தேன், அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு. நடுவில் ஓர் அத்தியாயம், பள்ளிக்கு வெளியே தானாகக் கற்றவர்களைப் பற்றி. அவர்களை அளப்பதுதான் மிகவும் கடினம், அவர்களைப் பற்றிய விவரம் உலகத்தில் குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். அன்னாசி ஆலையில் டின் லேபிளைப் பார்த்து ஆங்கிலம் கற்றவன் நான், ஏற்றுமதிப் பெட்டியில் இருந்த துறைமுகப் பெயர்களை வைத்து உலகப் படம் கற்றவன் நான், மூடி போடும் மெஷினின் புத்தகத்தை மூன்று வருடம் படித்து முடித்தவன் நான். பாவம், என்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள், உதவி செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு நான் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டேன். கோயிலில் அர்ச்சனை வைத்தேன். கோப்பிக் கடையில் சொன்னேன், அதுதான் தப்பு. அங்கே மனோகரன், பாஸ் பண்ணினால் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டான். ஒன்றும் கிடையாது, ரிசல்ட்டைக்கூடச் சொல்லமாட்டார்கள் என்றேன். “அப்புறம் எதுக்குலா இந்த வயசுல?” என்றான். அவனுக்கு என்ன தெரியும் மச்சான், கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புச் சோதனைக்கு நான்தான் பள்ளியில் முதலாவதாக வருவேன் என்று வாத்தியார் மானேஜர் பங்களா வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். நீங்கள் அப்போது டவுன் பள்ளியில் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தீர்கள். உங்கள் சோதனைக்கு ராசியாக இருந்த பென்சிலை, மஞ்சள் நிறம், பின்னால் ரப்பர் வைத்தது, எனக்குக் கொடுத்தீர்கள். அந்த மாதம்தான் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிறந்த பத்திரம் வெள்ளத்தில் போயிருந்தது அவருக்கு வசதியாகிவிட்டது. என்னை வேலைக்குச் சேர்க்கத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் போய்ப் பையனுக்குப் பதினைந்து என்றார். கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பன்னிரண்டுக்கும் குறைச்சலாகத்தான் தெரிந்திருப்பேன். “சாப்பாடு பத்தல போல” என்று சொல்லிக்கொண்டே பதினைந்து என்று எழுதிவிட்டார். செக்ரோலில், அதாவது கூலிப் பதிவில், பேர் ஏறியது, பிறகு அதே வயதை வைத்து அடையாளக் கார்டும் வந்தது. சோதனை நாளன்று விடியற்காலைப் பெரட்டில் ஆட்களோடு வரிசையில் நின்றுவிட்டு, பள்ளிக்குப் பின்னால் இருந்த ரப்பர் மர நிரையில் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் சந்தைபோல் இரைகிற பள்ளி. அன்றைக்கு இருந்த அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தகரக் கூரையில் ரப்பர்க் கொட்டை விழுகிற சத்தம்கூடக் கேட்டது. சாயங்காலம் பென்சிலை உங்களிடம் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். வாயாடியான நீங்கள் பேசாமல் இருந்த ஒரே நாள் அது.

சரி, கதைக்கு வருகிறேன். போன வாரம் அந்த நிலையத்துக்காக ஒரு பெண் வந்தாள், ஜொகூர் பாருவிலிருந்து, லோஷினி என்று பேர், கையில் பெரிய டேப்லட். நான் சலவைச் சட்டையோடு மேசைக்கு முன்னால் தயாராக இருந்தேன். வீட்டில் யார் யார் என்றாள். நானும் மனைவியும், மகன் சிங்கப்பூரில் என்றேன். இரண்டு கார்டையும் வாங்கி டேப்லட்டில் தட்டினாள், தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், உங்களுக்கு அறுபத்தேழு. நாங்க அறுபத்தஞ்சு வரைக்கும்தான் எடுப்போம். ஆன்ட்டிக்குக் கரெக்டா அறுபத்தஞ்சு. அவங்கதான் உட்காரணும்.”

மச்சான், அறுபத்தைந்துக்கு மேல் ஒரு மனிதனுக்குத் திறன் கிடையாதா? பிறந்த நாள் கேக்கு வெட்டியதும் வாசிப்பும் கணக்கும் பல்போல் உதிர்ந்துவிடுமா? இதையெல்லாம் நான் கேட்டேன், ஆங்கிலத்திலேயே கேட்டேன், அவள் பாராட்டவும் செய்தாள். ஆனால் டேப்லட் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில்தான், அறிவு கெட்டுப்போய், கிராணி கதை முழுவதையும் சொன்னேன். கார்டில் இருப்பது அப்பா சொன்ன வயது, அம்மா சொன்ன வயது வேறு, உண்மையில் எனக்கு அறுபத்து நான்குதான், வேண்டுமென்றால் தங்காக்கில் மச்சானைக் கேள், அவர் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே இருந்தவர், ஆனால் கார்டின்படி நான் அவருக்கு ஒரு வயது பெரியவன், எப்படி வரும் என்று கணக்குப் போட்டே காட்டினேன்.

பின்னால் தேநீர்த் தட்டோடு உங்கள் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

அவள் உங்கள் அத்தை வீட்டில் தங்காக்கில் வளர்ந்தவள், நம் தோட்டப் பள்ளியைப் பார்த்ததில்லை, மாப்பிள்ளை இரண்டு வயது மூத்தவர் என்று நீங்கள் சொன்னதை நம்பிக் கழுத்தை நீட்டியவள் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தட்டை மெதுவாக வைத்தாள்.

“அப்ப நான் உங்களுக்கு அக்காவா?”

லோஷினி டேப்லட்டைத் துடைத்தாள்.

“நாப்பது வருசமா தீவாளிக்குத் தீவாளி உங்க கால்ல விழுந்தேன். இனிமே யாரு யாரு கால்ல விழணும்னு இந்தப் புள்ளையவே கேட்டுச் சொல்லுங்க.”

அந்தப் பெண் அது தன் கேள்வித்தாளில் இல்லை என்றாள். உங்கள் தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் நாற்காலியில், என் மேசையில், எனக்காக நான் துடைத்து வைத்த இடத்தில் உட்கார்ந்து, “கேளும்மா” என்றாள். சோதனை நடக்கும்போது வேறு யாரும் கூட இருக்கக்கூடாது என்று என்னை அடுப்படிக்கு அனுப்பினார்கள். போகிற போக்கில் சோற்றை வேறு பார்த்துக்கொள்ளச் சொன்னாள் உங்கள் தங்கை.

அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்கவில்லை, ஆனால் ஒரு கேள்விக்கு நாலு விடை வாசிக்கப்பட்டது கொஞ்சம் கேட்டது. நான் மூன்று தடவை இருமினேன். “அங்கிள், இருமல்னா கொஞ்சம் வெளிய போய் இருமுங்க” என்றாள் அந்தப் பெண். அதற்கு உங்கள் தங்கை சொன்னதுதான் இன்னும் என் காதில் கிடக்கிறது. “இருமட்டும் விடும்மா. அந்த இருமல் தப்பு. நான் ரெண்டாவதைத்தான் போட்டிருக்கேன்.” நான் வெளியே போய்ப் பப்பாளி மரத்தடியில் நின்றேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் என் திறன்தான் காரணமாம்.

போகும்போது அந்தப் பெண் ஒரு துணிப்பை கொடுத்துவிட்டுப் போனாள், அந்த நிலையத்தின் பேர் நீலத்தில் அச்சடித்தது. உங்கள் தங்கை அதைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது மார்க்கெட்டுக்குப் போகிறாள், முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்க. கோப்பிக் கடையில் மனோகரன், நாட்டின் பொருளாதாரம் இனி என் வீட்டம்மா கையில்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறான். நான் இப்போது வீட்டிலேயே கோப்பி குடிக்கிறேன்.

என்ன கேள்வி வந்தது என்று அவளிடம் நயமாகக் கேட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். கட்டின புருசனுக்குமா என்றேன். தம்பிக்கும் சொல்லக்கூடாது என்றாள். மச்சான், தம்பி என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாய், எனக்கு வர வேண்டிய சோதனை அது, எனக்கிருந்தது அது ஒன்றுதான் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அந்த மூணு வருசத்தை எங்கிட்ட கேட்டா நான் எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்?”

அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

ஆகவே மச்சான், நீங்கள் வந்தே ஆக வேண்டும். அந்த ஆய்வு மாதக் கடைசி வரைக்கும் நடக்கிறதாம். அதற்குள் கார்டைத் திருத்திவிட்டால், வீட்டில் இன்னொரு தகுதியான ஆள் இருக்கிறான், குலுக்கலைத் திரும்பப் போடு என்று ஐரோப்பாவுக்கே எழுதப்போகிறேன். ஆங்கிலத்தில் வரைவு எழுதிவிட்டேன், பதினோரு பக்கம். அதே மூன்று வயது ஒரு மனிதனின் சோதனையை எத்தனை தடவை பிடுங்கும்? அன்றைக்குச் சின்னவன் என்பதை மறைத்துப் பிடுங்கியது, இன்றைக்குப் பெரியவன் என்று சொல்லிப் பிடுங்குகிறது. எந்தக் கணக்கில் இது சேர்த்தி? இதில் நான் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பதிவிலாகாவில் உங்களை என்ன கேட்டாலும் பள்ளிக்கூடத்தை மட்டும் சொல்லுங்கள், கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. நம் இரண்டு பேரில் யார் பெரியவர் என்று பதிவிலாகா முடிவு செய்யாததால் உங்களுக்கு ஆசீர்வாதம் அனுப்புவதா, வணக்கம் அனுப்புவதா என்று விளங்கவில்லை. இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
எதிலும் பின்வாங்காத,
கமலநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் எழுதுகிறேன். மேலே உள்ளதில் பாதிக்கு மேல் இனித் தேவையில்லை. பதிவிலாகாவுக்குப் போக வேண்டாம், பதினோரு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். நேற்று இரவெல்லாம் உங்கள் தங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், உங்களுக்குத்தான் என்னைப் பற்றிப் புகார் எழுதுகிறாள் என்று நினைத்தேன். இப்போது என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் காட்டி, அடுத்த ஞாயிறு காலை சோதனை, மூத்தவள் சொன்னால் கேட்க வேண்டும் என்கிறாள். அந்தப் பெண் கேட்ட கேள்விகள் இல்லையாம், எல்லாம் சொந்தமாகப் போட்டதாம்: மருந்துச் சீட்டு, பஸ் அட்டவணை, கரண்டு பில், கேசரிக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு சீனி. பேசக்கூடாது, இருமக்கூடாது. ரிசல்ட் உடனே சொல்லமாட்டாளாம், ஐரோப்பாவிலும் அப்படித்தானாம். நீங்களும் வந்து உட்காரலாம் என்று சொல்லச் சொன்னாள், அவள் சோதனைக்கு வயது வரம்பு கிடையாதாம், பழைய சர்டிபிகேட்டெல்லாம் செல்லாதாம். வரும்போது இரண்டு பென்சில் கொண்டுவாருங்கள். எனக்குக் கொடுப்பதை இந்தத் தடவை திருப்பித் தரமாட்டேன்.