ரேடியோவுக்கு ரெண்டு செல்லு

போன வாரம் ரேடியோவுக்கு ரெண்டு செல்லு வாங்கப் போனேனுங்க. அவ்வளவுதான் வேலை.

நாங்க இருக்கறது எல்லையோரம், கேரளாப் பக்கம். கொழிஞ்சாம்பாறை கடைவீதி எங்க ஊட்லருந்து கால்மணி நேர நடை. போக கால்மணி, வர கால்மணி, கடையில அஞ்சு நிமிசம். யாரை அனுப்பியிருந்தாலும் வாங்கியாந்திருப்பாங்க. என்னைய அனுப்புனாங்க, அங்கதான் தப்பாயிப்போச்சு.

அன்னைக்குன்னு எதுக்குச் செல்லு? எங்க மாமனாரு ரேடியோவுல பேசறாருங்க!

நம்ம பக்கத்து எஃப்.எம். ஸ்டேஷன்ல நாள் முச்சூடும் மலையாளம் ஓடும். மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்கு மட்டும் அரைமணி நேரம் தமிழ். அதுல வாரம் ஒருக்கா ஒரு விவசாயியப் பேச உடுவாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒரு பொண்ணு மைக்கோட எங்க தோட்டத்துக்கே வந்து, கத்திரியில புழு உழுகாம எப்படிப் பாத்துக்கறீங்கன்னு கேட்டுப் பதிஞ்சுட்டுப் போச்சு.

அன்னையிலருந்து மாமாவுக்குக் காலு தரையில நிக்கல. ரோட்டுல போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி நாளும் நேரமும் சொல்லியாச்சு. அக்கம்பக்கத்துல கேட்டு எட்டு பிளாஸ்டிக் சேர் வாங்கி வாசல்ல போட்டாச்சு. காலைல பாத்தா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு நிக்கறாரு.

"மாமா, ரேடியோவுல மூஞ்சி தெரியாதுங்க."

"தெரியாட்டிப் போகுது அம்மிணி. கேக்க வர்றவங்களுக்குத் தெரியுமல்லோ?"



அன்னைக்குன்னு பாத்து லைன்ல வேலை, ஒம்பது மணியிலருந்து சாயந்தரம் வரைக்கும் கரண்டு இல்லை. ரேடியோவுல இருந்த செல்லும் செத்துப்போச்சு. அதுக்குக் காரணம் எங்க ஊட்டுக்காரரு. பொண்ணு சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறா, மலையாளம் நாக்குல பழகோணும்னு சட்டம் போட்டுட்டாரு. காலைல நாங்க கேக்கற கோயமுத்தூர் ஸ்டேஷன் தமிழ்ப்பாட்டு கட். மலையாளச் செய்தி, மலையாளப் பேச்சு, அதுவும் சமையக்கட்டுல வெச்சு, செல்லுலயே. பத்தே நாள்ல செல்லு தீந்துபோச்சு.

"போன்ல கேட்டுக்கலாமுங்க மாமா"ன்னு சொல்லிப் பாத்தேன்.

"அந்த வயர எட்டுப்பேரு காதுலயும் மாட்டுவியா?"

சரின்னு பையைத் தூக்கிட்டு, குடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

பத்தேகாலுக்கெல்லாம் சண்முகண்ணன் மளிகைக்கடை. பெரிய செல்லு ரெண்டு கேட்டேன். எடுத்தாரு, பேப்பர்ல சுத்துனாரு, குடுத்தாரு. நான் பையில போட்டேன். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. செல்லு பையிக்குள்ள வந்தாச்சு. மணி பத்தேகால்.

நேரா ஊட்டுக்கு வந்திருக்கோணுமா இல்லையா? சண்முகண்ணன் சும்மா இருந்திருந்தா வந்திருப்பேனுங்க.

"ஏனுங்க, ரேடியோவுக்கா செல்லு? அந்த ஸ்டேஷன்ல இனி தமிழே கெடையாதாமுங்களே! எவரோ நகைக்கடைக்காரரு வாங்கிட்டாராமா. இன்னைலருந்து முழுசும் மலையாளப் பாட்டும் வெளம்பரமுந்தானாமா. அந்தத் தமிழ்ப் பொண்ணை வேலைய உட்டே அனுப்பிட்டாங்களாமா."

எட்டு சேர். இஸ்திரி போட்ட சட்டை. சரியா பன்னெண்டே முக்காலுக்கு மாமா ஊரைக் கூட்டி வெச்சுக்கிட்டு ரேடியோவைத் திருப்ப, உள்ளருந்து வளையல் வெளம்பரம் வந்தா? அந்த மனுசன் அப்பறம் வெளிய தலை காட்டுவாரா?

ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எங்கேஜ். மறுபடி போட்டேன். எங்கேஜ். மூடற எடத்துல அப்படித்தானே இருக்கும்னு எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கிட்டேன்.

"உங்களுக்கு யாருங்கண்ணா சொன்னது?"

"டெய்லர் தங்கமணியக்கா."

தங்கமணியக்கா கடை பின்னால தெருவுல. ரெண்டு நிமிசம். கேட்டுப்போட்டுப் போயிரலாம்னு நடந்தேன்.

அக்கா தையல் மிசினை நிறுத்தல. "நகைக்கடைக்காரரா? நான் எப்பச் சொன்னேன்? அந்த ஆளு வாயில வெச்சா எதுவும் வளந்துரும். தமிழை நிறுத்திட்டாங்கன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணை அனுப்பிட்டாங்க, அது மட்டும் நெசம். நானே கண்ணால பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு அட்டைப்பொட்டியோட நின்னுச்சு, கண்ணெல்லாம் செவந்து."

"அழுதுச்சுங்களா?"

"அழுகாம பின்ன சிரிக்குமா?"

சாட்சியே இருக்குது! "உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"பால் சொசைட்டி செக்ரட்டரி. படிச்ச ஆளு, பொய் சொல்வாரா?"

ஊருக்கு அந்தக் கடைசியில இருக்கற சொசைட்டிக்கு வெய்யில்ல முக்கால் மணி நேரம் நடந்தேன். செக்ரட்டரி மலையாளத்துக்காரரு, நம்மகிட்ட ரெண்டையும் கலந்து பேசுவாரு. நான் கேட்டதும் நெஞ்சுல கைய வெச்சுட்டாரு.

"அய்யோ சேச்சீ! பொண்ணை அனுப்பினதா ஞான் பறஞ்ஞில்லா! தமிழ் பரிபாடி, அதான் நிகழ்ச்சி, இனி இல்லா, தீருமானிச்சு கழிஞ்ஞு, அது மாத்திரம்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு இன்னைக்குக் காலைலகூட இங்க பால் வாங்கிச்சே. கண்ணுல நோவாம், மருந்து விட்டிருக்கு."

"அப்ப அந்த அட்டைப்பொட்டி?"

"கோழிக்குஞ்சு சேச்சி. பொள்ளாச்சிலருந்து வாங்கிட்டு வந்தது."

நகைக்கடையும் போச்சு, அழுகையும் போச்சு. கூட கொஞ்சம் அறிவு இருக்கற பொம்பளையா இருந்தா இங்கயே திரும்பியிருப்பா. ஆனா "தீருமானிச்சு கழிஞ்ஞு"ன்னா முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தமாச்சுங்களே! அது மட்டும் முள்ளாட்டம் குத்திக்கிட்டே இருந்துது.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

பொள்ளாச்சி பஸ்ஸு கண்டக்டராம். பஸ்ஸு இப்ப ஸ்டாண்டுலதான் நிக்கும்னு வேற வழி காட்டி உட்டாரு.

ஸ்டாண்டுக்கு ஓடுனேன். மணி பன்னெண்டேகால். பஸ்ஸு நின்னுட்டு இருந்துது. கண்டக்டர் உள்ள டிக்கெட் போட்டுட்டு இருந்தாரு. ஒரு நிமிசந்தானேன்னு ஏறுனேன், பஸ்ஸு கெளம்பிருச்சு.

விசில் அடிச்சதே அவருதானுங்க. நான் ஏறுனதைப் பாத்துத்தான் அடிச்சாரு!

"ஏனுங்க, நான் வரலீங்க, ஒண்ணு கேக்கத்தான் ஏறுனேன்!"

"கேளுங்கக்கா. பொள்ளாச்சிக்குத்தானே?"

"எனக்கெதுக்குப் பொள்ளாச்சி! ரேடியோவுல தமிழ் இனி இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அந்தத் தம்பிக்கு ஒரே குஷி. "அதா! போன வாரம் நம்ம பஸ்ஸுலயே ஒரு அக்கா போன்ல பேசிட்டு வந்தாங்க. இங்க ஏறுனவங்க பொள்ளாச்சி எறங்கற வரைக்கும் வாய் மூடலீங்க. 'ரேடியோவுல இனித் தமிழ் கெடையாது, முடிவு பண்ணியாச்சு, முழுசும் மலையாளந்தான், நாம என்ன பண்ண முடியும்'னு ஒரே அழுகாச்சி. பஸ்ஸே கேட்டுச்சு."

"பொறுப்பில்லாத பொம்பளை! யாருங்க அது?"

"பேரு தெரியாதுங்க. டிரைவருக்குப் பின்னால சீட்டு. பச்சைப்பூப் போட்ட குடை..." அப்படியே நிறுத்திட்டாரு. என் கையைப் பாத்தாரு. என் மூஞ்சியைப் பாத்தாரு. "அக்கா... நீங்கதானுங்களே அது?"



ஆமாங்க. நானேதான். ஆனைமலையில இருக்கற என் தங்கச்சிகிட்ட, எங்க ஊட்டுக்காரரு போட்ட சட்டத்தைச் சொல்லிப் பொலம்பிட்டுப் போனேன். எங்க ஊட்டு ரேடியோ! எங்க ஊட்டுச் சமையக்கட்டு! ஒரு ஊட்டுல நடந்த மாத்தம், பஸ்ஸுல ஏறி எறங்கி, சொசைட்டில பால் அளந்து, தங்கமணியக்கா ஊசியில கோத்து, சண்முகண்ணன் கடையில நகை போட்டுக்கிட்டு எங்கிட்டயே திரும்பி வந்திருக்குது. அதைத் தொரத்திக்கிட்டுத்தான் ரெண்டு மணி நேரமா வெய்யில்ல ஓடிட்டு இருக்கறேன், செல்லைப் பையில வெச்சுக்கிட்டு!

"நிறுத்துங்க தம்பி! எறக்கி உடுங்க!"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோங்க. இந்தாங்க டிக்கெட்."

டிக்கெட் வேற எடுக்க வெச்சுட்டாருங்க.

எறங்கி, ஆட்டோ கெடைக்கறதுக்குள்ள பன்னெண்டே முக்காலும் தாண்டிருச்சு. ஆட்டோக்காரரைக் கேட்டேன், "உங்க வண்டியில ரேடியோ வருமுங்களா?"

"ரேடியோவா? இப்பத்தான் அந்த ஸ்டேஷனை மூடிட்டாங்களேங்க"ன்னாரு.

எனக்குப் பேசற யோக்கியதை இருக்குதா?

வழிபூரா மாமா மூஞ்சிதான் கண்ணு முன்னால நின்னுச்சு. சத்தமில்லாத ரேடியோவை மடியில வெச்சுக்கிட்டு, எட்டுப்பேரு நடுவுல, வெள்ளைச் சட்டையில. அறுவத்தெட்டு வயசுல அந்த மனுசன் ஆசைப்பட்டது இது ஒண்ணுக்குத்தான்.

ஊட்டு முன்னால எறங்குனா, வாசல்ல சேர் எட்டும் காலி!

ரோட்டுல பாத்தா, பக்கத்துத் தோட்டத்துல தேங்காய் லோடு எடுக்க வந்த பிக்கப் வண்டி. அதைச் சுத்திக் கூட்டம். ரெண்டு பேரு பின்னால தேங்காய் மேலயே உக்காந்திருக்காங்க. டிரைவர் கீழ நிக்கறாரு. டிரைவர் சீட்டுல எங்க மாமா, ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு! வண்டி ரேடியோ ஃபுல் சவுண்டுல ஓடுது.

என்னைப் பாத்ததும் கூட்டமே சிரிக்க ஆரம்பிச்சுருச்சு. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்குப் புரியல.

நான் கிட்டப் போறதுக்குள்ள பேட்டி முடிஞ்சுபோச்சு. என் காதுல உழுந்தது கடைசியா அந்தப் பொண்ணு சொன்னது மட்டுந்தான்: "நேயர்களே, நம்ம தமிழ் நிகழ்ச்சி நிக்கப்போகுதுன்னு யாரோ வதந்தி கெளப்பியிருக்காங்க. காலைலருந்து போன் கீழ வெக்க முடியல. அப்படி ஒரு மாத்தமும் இல்லை, யாரும் நம்பாதீங்க."

மாமா வண்டிய உட்டு எறங்குனாரு. "எவனோ வேலையத்தவன் பாத்த வேலை"ன்னாரு.

"ஆமாங்க மாமா. வேலையத்தவன்தானுங்க."

"செல்லு கெடைச்சுதா அம்மிணி?"

"கெடைச்சுதுங்க."

"எப்ப?"

பொய் சொல்ல வாய் வரல. "பத்தேகாலுக்குங்க."

அவரு கையை மட்டும் நீட்டுனாரு. பையிலருந்து எடுத்துக் குடுத்தேன்.

பக்கத்தூட்டு ராசாத்தியக்காதான் என்னை ஓரமா இழுத்துட்டுப் போயி விசயத்தைச் சொன்னாங்க. பேட்டியில அந்தப் பொண்ணு கேட்டுச்சாம், இந்த வயசுல தனியா எப்படிங்கையா இவ்வளவும் பாத்துக்கறீங்கன்னு. அதுக்கு மாமா சொன்னாராம்: "எனக்கென்னங்க கொறை? எம்மருமவ இருக்கறா. ஒரு வேலை சொன்னா நேராப் போவா, நேரா வருவா. அங்க நின்னு இங்க நின்னு வாய் பேசற பழக்கமே கெடையாது."

எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. ஒரு மாமனாரு வாயிலருந்து இப்படி ஒரு பேச்சு யாருக்குங்க கெடைக்கும்? ஊரே கேட்டுச்சு. சண்முகண்ணன் கடையில கேட்டாரு, தங்கமணியக்கா மிசினை நிறுத்திட்டுக் கேட்டாங்க, சொசைட்டில கேட்டாங்க. அன்னைக்கு நான் ரோடு ரோடா ஓடுனதைப் பாத்த அத்தனை பேரும் கேட்டாங்க. நான் ஒருத்திதான் கேக்கல.

மறுநாள் டார்ச்சுக்குச் செல்லு தேவைப்பட்டுச்சு. போனேன்.

சண்முகண்ணன் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "வாங்க, நேரா வந்தீங்களா?"ன்னாரு. செல்லைப் பேப்பர்ல சுத்திக்கிட்டே மெதுவா ஆரம்பிச்சாரு. "ஏனுங்க, அந்த ஸ்டேஷனை வாங்குனது நகைக்கடைக்காரரு இல்லியாமே. உங்க மாமனாருதானாமா?"

நான் யாரு சொன்னதுன்னு கேக்கவே இல்லீங்க. செல்லை வாங்கிட்டு நேரா ஊட்டுக்கு வந்துட்டேன்.