ஊதாவும் மஞ்சளும் கட்டம் போட்ட சட்டை

எனக்கு வந்த அஞ்சலட்டைகளிலேயே மிகச் சுருக்கமானது என் தாய்மாமா எழுதியது. முத்திரையில் ஆர்.கே.பேட்டை என்பதும் 1969 என்பதும் தெளிவாக இருக்கின்றன. நாளும் மாதமும் மையில் அழிந்துவிட்டன. (பொங்கல் முடிந்த கையோடு வந்தது என்பது என் நினைவு. நினைவு சாட்சியாகாது.) வாசகம் இதுதான்: "நீ சனிக்கிழமைதோறும் கிண்டிக்குப் போவதாகக் கேள்வி. சூதாடிக்கு சுலோச்சனாவைக் கொடுப்பதற்கில்லை."

சுலோச்சனா அவர் மகள். எங்கள் நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

புத்தியுள்ளவன் "இனிமேல் போகமாட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருப்பான். நான் நான்கு பக்கம் எழுதினேன். குதிரைப் பந்தயம் சூதல்ல, கணக்கு. எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்கிறது, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, ஈரத் தரையில் எப்படி, காய்ந்த தரையில் எப்படி என்று பார்த்தால் விடை தானே வரும். ஒருமுறை நேரில் வந்து பாருங்கள், மனம் மாறுவீர்கள்.

திருத்தணி நூல் கடையில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, ஊரில் ஏற்கெனவே இரண்டு பேரைப் பந்தயத்துக்கு மதம் மாற்றியிருந்தேன். அந்தத் திமிர்.

மாமா வந்துவிட்டார். தனியாக அல்ல. மகன் வரதனையும், தீர்ப்புச் சொல்லத் தெருக்காரர்கள் மூன்று பேரையும் அழைத்து வந்தார். ஐவரும் தறிக்காரர்கள். ஐவரும் குதிரையை ஜட்காவில் மட்டுமே பார்த்தவர்கள்.

ரயிலில் மணவூர் வருவதற்குள் என் நோட்டைப் பாதி படித்துக் காட்டிவிட்டேன். "இன்னா பாவா, குதிரைக்கு ஜாதகமே எழுதி வெச்சிகீற!" என்றான் வரதன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கிண்டியில் ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். புதியவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கவனித்தேன். குதிரையின் காலை ஒருவரும் பார்க்கவில்லை. ஜாக்கிகளின் சட்டைகளைத்தான் பார்த்தார்கள்.

"இது பட்டா மாப்ளே?"

"சாட்டின் மாமா."

"சாயம் நல்லாக் குந்திகீது. அந்தப் பச்சை நிக்காது, ரெண்டு தண்ணிக்கு வெளுத்துடும்."

குதிரை முதலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டை உண்டு, அதை வைத்துத்தான் தூரத்தில் அடையாளம் காணவேண்டும் என்று விளக்கினேன். என் கணக்குப்படி நான்காம் எண் குதிரை வெல்லும். ஆறு பேருக்கும் அதன்மேலேயே டிக்கெட் வாங்கினேன். "ஊதாவும் மஞ்சளும் கட்டம் போட்ட சட்டை. அதை மட்டும் பாருங்க, போதும்."

மாமா வேலிக் கம்பியில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார். "மாப்ளே, அதே கட்டத்துல இன்னொருத்தன் போறானே. தொப்பி மட்டும் செவப்பா கீது."

நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாமா, தறிக்காரன் கண்ணை இங்க கொண்டாராதீங்க. பாக்கிறதெல்லாம் கட்டமாத்தான் தெரியும்."

ஓட்டம் தொடங்கியது. கடைசித் திருப்பத்தில் புழுதிக்குள்ளிருந்து ஊதா மஞ்சள் முன்னே வந்தது. "அரோகரா!" என்று தெருக்காரர்கள் கத்தினார்கள். "வேல் வேல்!" என்று நானும் கத்தினேன். கோட்டு போட்ட ஒருவர் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். கட்டம் போட்ட சட்டை முடிவுக் கோட்டைத் தாண்டியதும் யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்தேன். அவர் மெதுவாக என்னைக் கழற்றிவிட்டார்.

பணம் கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் என் டிக்கெட்டுகளைத் திருப்பித் தள்ளினார். "இது நாலு. ஜெயிச்சது ஏழு."

"கட்டம் போட்ட சட்டைங்க! நாங்க எல்லாரும் பாத்தோம்!"

"ரெண்டு குதிரையும் ஒரே முதலாளிதுதான். அப்போ சட்டை ஒண்ணுதான் இருக்கும், தொப்பிதான் வேற. ரேஸ் புத்தகத்துல போட்டிருக்குதே, படிக்கலையா?"

போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தின் எண்களையெல்லாம் நோட்டில் படியெடுத்தவன், எழுத்தில் இருந்த அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். நான்காம் எண் அப்போதுதான் நடந்து வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

திரும்பும் ரயிலில் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். அரக்கோணத்தில் மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சூதாடின்னு பயந்துகினு வந்தேன். இவனுக்குச் சூதும் தெரியல, குதிரையும் தெரியல. நோட்டு எழுதறான், அவ்ளோதான். நோட்டு எழுதறவனால குடி முழுகாது. இன்னாப்பா சொல்றீங்க?"

"ஆங், கொடுக்கலாம்" என்றார்கள் மூவரும்.

என்னைப் பற்றி ஊரார் கூடிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அந்த வைகாசியில் கல்யாணம். சுலோச்சனாவும் அவள் அக்காவும் ஒரே கரைப் புடவை கட்டி ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டால், சுலோச்சனா இன்றைக்கும் என்னைப் பார்த்துச் சொல்வாள்: "பொடவையப் பாத்துக் கூப்டாதீங்க. மொகத்தைப் பாத்துக் கூப்டுங்க." பேரன்கள்வரை சிரிப்பார்கள்.

ஒன்று மட்டும் பதிவு செய்யவேண்டும். நான் ஜன்னலில் வாதாடிக்கொண்டிருந்தபோது மாமா பணம் வாங்கும் பக்கத்து வரிசையில் நின்றிருந்தார் என்றும், ஏழாம் எண்ணுக்குத் தனியாக ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார் என்றும் வரதன் சத்தியம் செய்கிறான். (வரதன் சத்தியம் செய்வதில் தாராளமானவன்.) மாமா இருந்தபோது இருமுறை கேட்டேன்; இருமுறையும் வெற்றிலை எடுத்துவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிட்டார். தெருக்காரர் மூவரும் இப்போது இல்லை. ஆகவே இது இதுவரை உறுதியாகாத செய்தி.