சட்டைக் காலரில் ஒரு மைக்

எங்கள் வீட்டில் ஒருவராவது ஒழுங்காக வீடியோ எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்த ஒருவர் நான்தான் என்பதையும் நானே தீர்மானித்தேன்.

மாமனாரின் பிறந்தநாள். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மனைவிக்கு வகுப்பெடுத்தேன்.

"ஜன்னலுக்கு முதுகைக் காட்டி யாரையும் நிக்க வைக்காதே, முகம் கருத்துடும். கையில எடுத்தா கை ஆடக் கூடாது. படம் சுமாரா இருந்தாக்கூடப் பார்ப்பாங்க, சத்தம் சரியில்லேன்னா எழுந்து போயிடுவாங்க."

சத்தத்துக்காகவே வாங்கிய வயரில்லாத மைக்கைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு வர்ணனை வேறு செய்தேன்.

"எடிட்டிங்?" என்றாள் பணிவாக. அந்தப் பணிவைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கணும். அப்புறம் தேவையில்லாததை ஈவு இரக்கமில்லாம வெட்டணும்."

மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் மாமனார் கேக் வெட்டுகிறார். காதில் என் குரல் கணீரென்று கேட்கிறது. பால்கனியில் எதிர் வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் நான் பேசிய ரகசியம்! பாவி, மைக்கைக் கழற்றாமலே போயிருக்கிறேன்.

"லீவு கிடைச்சிடுச்சு. முழுசா ஒரு வாரம். வீட்ல மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா, மச்சினியோட புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க இழுத்துட்டுப் போயிடுவா. மீன் பிடிக்க நாம ரெண்டு பேரும் போறோம்!"

சத்தம் வெளியே கசியுமோ என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆச்சா?" சமையலறையிலிருந்து அவள் குரல். "சாயங்காலம் எல்லாரும் பார்க்க வர்றாங்க!"

அந்தப் பேச்சை வெட்டி அங்கே இசையைப் போட்டேன். மூல வீடியோவையும் அழித்தேன். பென் டிரைவில் ஏற்றி முடிப்பதற்குள் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"எடிட்டிங்னா சும்மாவா?"

"பாவம். கொடுங்க, டிவியில நான் போடறேன்."

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. மாமனார், மாமியார், மச்சினி, ஓரத்தில் டீயோடு எலெக்ட்ரீஷியன். கேக் வரும் இடம் நெருங்க நெருங்க நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அழித்தாயிற்று, ஏன் பயப்படுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேக் வந்தது. இசை வரவில்லை. நான் வந்தேன்.

"லீவு கிடைச்சிடுச்சு. முழுசா ஒரு வாரம்." திரையில் மாமனார் சிரிக்கிறார். "மச்சினியோட புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க..." திரையில் மச்சினி கைதட்டுகிறாள். "நாம ரெண்டு பேரும் போறோம்!" திரையில், வேறெங்கோ எடுத்ததை வெட்டி ஒட்டிய எலெக்ட்ரீஷியன் கேக்கை மெல்லுகிறார்.

நிஜ எலெக்ட்ரீஷியனுக்கு டீ புரையேறியது.

"அத்தான்! எப்படிக் கேக்கறதுன்னு தயங்கிட்டிருந்தேன்!" மச்சினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வயரிங் வேலைக்குக்கூட ஆளைப் பிடிச்சுட்டாரே! மாப்பிள்ளைன்னா இவர்தான்!" மாமனார் என் தோளைத் தட்டினார்.

மனைவி காதருகே பல்லைக் கடித்தேன். "நான்தான் அழிச்சுட்டேனே!"

"காப்பி எடுத்து வைக்கச் சொன்னது யாரு? தேவையில்லாததை மட்டும்தான் வெட்டினேன்."

இப்போது மச்சினி வீட்டில் ஏணி மேல் நிற்கிறேன், கையில் பிரஷ். கீழே காமிராவோடு மனைவி.

"இந்தப் பக்கம் திரும்புங்க, முகம் கருப்பாத் தெரியுது. கை ஆடக் கூடாது!"