சந்தனத்துக்கு ஊசி எவ்ளோ?

விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாங்கவே முடியாத பொருளுக்கும் விலை கேட்கிற ஒரே மனிதர், இந்த பூமியில் எனக்குத் தெரிந்து, திருத்தணி மொட்டை மேஸ்திரிதான். ஸ்டேஷனில் நின்ற அரக்கோணம் வண்டியின் டிரைவரிடம் போய், "இந்த இன்ஜின் புதுசா வாங்கணும்னா எவ்ளோ ஆவுங்க?" என்று கேட்டவர் அவர். தெருவில் பள்ளம் தோண்ட வந்த ஜேசிபி, கல்யாண மண்டபத்தின் ஒரு நாள் வாடகை (மேஸ்திரி கட்டை பிரம்மச்சாரி), எதிரே வருகிறவர் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி, எதையும் விட்டுவைக்க மாட்டார். பதில் கிடைத்ததும் "ஆங்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த விலைகளை எல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மலைமேல் முடி காணிக்கை கொடுக்கிற இடத்தில் மொட்டை அடிப்பது அவர் வேலை. சொந்தத் தலையில் மட்டும் சுருள் சுருளாக ஒரு காடு வளர்த்திருந்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. நான் அப்போது பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். இருவரும் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தோம்.

ஓர் ஆடிக்கிருத்திகை அன்று காவடிகளுக்குப் பின்னால் படியேறி வந்த நாய்க்குட்டி ஒன்று, இறங்கும்போது மேஸ்திரிக்குப் பின்னால் இறங்கி வந்துவிட்டது. மொட்டைத் தலையில் பூசுகிற சந்தனத்தின் நிறம், அதனால் பெயரும் சந்தனம். மேஸ்திரி ஒரு இட்லி தின்றால் அது மூன்று தின்னும்.

வீட்டுக்காரம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே வீட்டுக்காரம்மா மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"பச்சக் கொழந்த இருக்கிற வூடு மேஸ்திரி. வெள்ளிக்கெழமைக்குள்ள நாய்க்கு ஊசி போட்ட புஸ்தகத்த காட்டிடுங்க. இல்லன்னா அத வேற எங்கனா வுட்டுடுங்க. எனக்கு நாய் மேல கோவம் இல்ல, பயமா கீது."

மறுநாள் காலை மேஸ்திரி என் கடைக்கு வந்துவிட்டார்.

"நைனா, ஊசின்னா உன் டிபார்ட்மெண்ட்டு. நாய்க்கு ஊசி எவ்ளோ?"

"எங்க கடையில மனுஷங்களுக்குத்தான் இருக்கு மேஸ்திரி."

"செரி, மனுசனுக்கு எவ்ளோ? அதுல பாதி இருக்குமா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எந்த ஊசின்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும்" என்று சொல்லித் தொலைத்தேன். நாய் ஊசி என்றால் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்த மனிதர் மிரண்டுபோனார்.

அடுத்த மூன்று நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறி விசாரிக்கக் கிளம்பினார். அரக்கோணத்தில் ஒரு டாக்டர் முந்நூறு என்றாராம். அங்கேயே நாயோடு உட்கார்ந்திருந்த ஒருவர் ஆயிரத்து இருநூறு என்றாராம். பள்ளிப்பட்டில் ஒருவர், வீட்டுக்கு வந்து போட்டால் தனி என்றாராம். நகரியில் இருக்கிற அவருடைய பாவா (அக்கா வீட்டுக்காரர்), நாயே வளர்க்காதவர், நானூற்றைம்பதுக்கு மேல் கொடுக்காதே என்றாராம். இந்த விலைகளில் ஒன்று வெறிநாய் நோய்க்கு மட்டும், ஒன்று பல நோய்க்கும் சேர்த்து, ஒன்று குட்டிகளுக்கு. இன்னொன்று நாயைக் குளிப்பாட்டுகிற ஷாம்பூவின் விலை என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து தினமும் சாயங்காலம் என் கடையில் கொட்டுவார். முதல் நாள் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள், இருமல் மருந்து கேட்ட ஒரு பெரியவரிடம், "வீட்டுக்கு வந்து போட்டா தனிங்க" என்று சொல்லிவிட்டேன்.

"வருசா வருசம் போடணும்னு சொல்றான் நைனா. மொதல் தபாவே ஒழுங்கா குத்தமாட்டானா? நான் இன்னா ஒரே தலைய நாலு தபாவா வழிக்கிறேன்?"

"வழிச்ச தலையில திரும்ப முடி வளருது இல்ல? அந்த மாதிரி ஊசியோட சக்தியும் போகப் போகக் கொறஞ்சிடும்."

மேஸ்திரி விடவில்லை. "அப்ப இப்ப சந்தனம் மொட்டையா, முடியோட கீதா?"

நான் அடுத்த ஆளுக்கு மாத்திரை எண்ண ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை கடைக்கு வந்த ஒரு பால்காரர் சொன்னார், அரசாங்க மாட்டாஸ்பத்திரியிலேயே வெறிநாய் ஊசி போடுகிறார்கள், காசே கிடையாது என்று. கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மேஸ்திரியிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சும்மாவா? வெலயே இல்லாத ஊசி இன்னா ஊசி நைனா? நல்ல மருந்துன்னா ஒரு வெல சொல்லமாட்டாங்களா? தண்ணிய குத்தி அனுப்பிட்டா? நாளைக்கு அந்தக் கொழந்தைக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்? சந்தனத்த எங்க கொண்டு போயி வுடுவேன்?"

சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார். ஆயிரத்து இருநூறுக்கு மேலேயே இருக்கும். கஞ்சத்தனத்தில் மலிவான இடம் தேடுகிறார் என்று நான்கு நாளாக மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். மனிதர் உண்மையான ஊசியைத் தேடி அலைந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"மேஸ்திரி, மலையில இப்ப மொட்டைக்கு எவ்ளோ?"

"இன்னா தெரியாத மாதிரி கேக்கற? மொட்டைக்கு டிக்கெட் காசே வேணாம்னு எடுத்துட்டாங்களே. சும்மாதான்."

"அதனால பாதித் தலையோட நிறுத்திடறீங்களா?"

எழுந்துவிட்டார். "இன்னா பேச்சு பேசற நீ? கைக்கொழந்தை தலையில ஒரு கீறல், ஒரே ஒரு கீறல், என் கையால வுழுந்திருக்குமா? காசு வாங்கனா ஒரு கத்தி, வாங்காட்டி ஒரு கத்தியா?"

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். சுருள் முடிக்குள் விரலை விட்டுச் சொறிந்தார். "ஆங்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஊசி குத்தியது சந்தனத்துக்குத் தெரியவேயில்லை. "யப்பா" என்று முனகியது மேஸ்திரிதான். புத்தகத்தில் எழுத ஓனர் பெயர் கேட்டார்கள். நிஜப் பெயர் இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "மொட்டை மேஸ்திரின்னே போடுங்கம்மா, மலையில யாரக் கேட்டாலும் சொல்வாங்க" என்றார். கிளம்பும்போது, "எவ்ளோங்க?" என்றும் கேட்டார். டாக்டரம்மா சிரித்தபடி கையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்காரம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செரி, இருக்கட்டும்" என்றார். அந்தக் குழந்தைக்கு முதல் மொட்டை போட்டதும் மேஸ்திரிதான்.

பிறகு நான் சென்னைக்கு வந்துவிட்டேன். வருடா வருடம், புத்தகத்தில் எழுதியிருக்கிற தேதியில், மேஸ்திரியிடமிருந்து போன் வரும்.

"நைனா, சந்தனத்துக்கு ஊசி. இந்த வருசம் எவ்ளோ?"

"சும்மாதான் மேஸ்திரி."

"ஆங்."

அவ்வளவுதான் பேச்சு. காசு கிடையாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் கேட்கிறார் என்று குழம்புவதை நானும் நிறுத்திவிட்டேன். இந்த வருடம் அந்தத் தேதி தாண்டி நான்கு நாள் ஆகியும் போன் வரவில்லை. நானாகக் கூப்பிடவும் பயம். எனக்குக் கேட்கப் பிடிக்காத பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், போன் அடித்தது. "எவ்ளோ நைனா?" என்று அவர் கேட்டார், பின்னால் சந்தனம் குரைத்தது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.