ஐம்பத்தேழரை வாட் அயர்ன் பாக்ஸ்

எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ வாங்கிய முட்டாள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். ஆனால் அன்றைக்கு நான் போட்ட கணக்கு தப்பு என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் சண்டைக்கு வருவேன். (வந்திருக்கிறேன்.)

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் மாதம். கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, துப்பாக்கி வைத்திருப்பவன் போல நடப்பேன். அன்று நாலு மணிக்குத் தூத்துக்குடி லாரி. எண்ணூறு வெள்ளை டீ-ஷர்ட் தேய்க்காமல் கிடந்தது. லாரி போனால் கப்பல் போகும். கப்பல் போனால் என் வேலை போகும். அயர்ன் ரூமில் இருந்ததோ நாலே பெட்டி. ஸ்டோரில் கிடந்த ஆறு பெட்டிகளையும் செக்கிங் ரூமில், டியூப்லைட்டும் ஃபேனும் ஓடும் லைனில் மாட்டிவிடலாம் என்பது என் யோசனை.

ஒரு பெட்டியை மட்டும் மாட்டி அளந்தேன். வோல்டேஜ் 230. கரண்ட் நாலு ஆம்பியர். 230-ஐ நாலால் வகுத்து, மேஜைமேல் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்: 'ஒரு பெட்டி = 57.5 வாட்.'

அயர்ன் மாஸ்டர் முருகேசண்ணன் தேனிப் பக்கத்துக்காரர். எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏப்பா, தொட்டா தோலு உரியுது. இது குண்டு பல்பு அளவுதான் இழுக்குமாக்கும்?"

"நீங்க தேய்ங்கண்ணே. கணக்க நான் பாத்துக்கறேன்."

ஆறையும் மாட்டினோம். சூடு ஏறுவதற்குள் பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டேன். மறுபடி விழுந்தது. ("ஓட்டை பிரேக்கர்" என்று அதையும் திட்டினேன்.) மூன்றாவது தடவை போர்டுக்குள் பட்டென்று ஒரு சத்தம், மெயினும் சேர்ந்து விழுந்தது. ஒயர் கருகும் நாற்றம். மாடியில் நாற்பது தையல் மெஷின்கள் ஒரே மூச்சில் ஊமையாயின.

முதலாளி வந்தார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க சார், இந்த அம்பத்தேழரைய எழுதுனது தாங்களுங்களா?"

'தாங்கள்' வரை போய்விட்டால் ஆள் காலி என்று அர்த்தம். இருந்தும் நிமிர்ந்து நின்றேன்.

"கணக்கு கரெக்டுங்க."

செக்கிங்கில் இருந்த செல்வி, கையில் பிடித்த டீ-ஷர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "வகுத்தா வர்றது ரெசிஸ்டன்ஸுங்க. அம்பத்தேழரை ஓம். வாட்டுக்குப் பெருக்கோணுமுங்க. ஒரு பொட்டிக்கே தொள்ளாயிரத்து இருவது."

ஆறுக்கு ஐயாயிரத்து ஐந்நூற்று இருபது. சாமளாபுரத்தில் அதை வைத்து ஆறு விசைத்தறி ஓட்டுவார்கள்.

லாரி பாதிச் சரக்கோடு போயிற்று. மிச்சத்தை மறுநாள் வேனில் ஏற்றித் தூத்துக்குடிவரை துரத்தினோம். கப்பல் கிடைத்தது, என் நாற்காலி கிடைக்கவில்லை. டீ-ஷர்ட்டைக் கவரில் போடும் வேலைக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே என் மேஜைக்கு எதிர் மேஜை செல்வியுடையது. இரண்டு வருஷத்தில் கல்யாணம். பந்தியில் மாமனார் என்னை அறிமுகப்படுத்தியதே "நம்ம அம்பத்தேழரை மாப்பிள்ளை" என்றுதான். இன்றைக்கும் அவர்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது.

தெரியாமல் போகட்டும். வகுத்தது சரி, விடை சரி, புள்ளிக்கு அப்புறம் வந்த அஞ்சுகூடச் சரி. ஓமுக்கு வாட் என்று பேர் வைத்தது ஒரு குற்றமா?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டிக்கொண்டே இதைச் செல்வியிடம் கேட்டேன்.

"மொதல்ல பிளக்கப் புடுங்குங்க."