தவறணைக் கவுண்டரில் பெரட்டு அக்கா

கொட்டகலைக் கடைவீதியில் ஆம்பிளைகளை வரிசையில் நிற்க வைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று, எழுபதுகளில் பாண் என்ற ரொட்டிக்கு வந்த தட்டுப்பாடு. மற்றது, பெரட்டு அக்கா. பாண் வரிசையிலாவது இடித்துக்கொண்டு முன்னால் போனவர்கள் உண்டு. அக்காவிடம் அப்படிப் போன யாரையும் நான் பார்த்ததில்லை.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் சேர்த்துப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அது கங்காணி பார்க்கிற வேலை. அக்கா கொழுந்து எடுக்கும் சாதாரணத் தொழிலாளி. ஆனால் கங்காணி கம்பளியை உதறிப் போர்த்துவதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, எல்லார் பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டு முடித்திருப்பாராம். அந்தக் குரல் அடுத்த தோட்டம்வரை போய், அங்கிருந்தவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டதாகச் சொல்வார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். கேட்டவர்களிடம், "பெரட்டுன்னு கூப்பிடுங்க, வந்துர்றேன்" என்பார்.

நான் அவரைப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வீட்டில் அடிபடும் பெண்களுக்காக எஸ்தர் டீச்சர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு சிறு சங்கம் நடத்தினார். நான் அங்கே டைப்பிஸ்ட். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, பொலிசுக்கும் தோட்டத்துத் துரைக்கும் கடிதம் அடிப்பேன். ஒருநாள் கை முறிந்த பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு அக்கா வந்தார். அந்தப் பெண் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா மட்டும் திரும்பிப் போகவில்லை.

அப்போது நாங்கள் இருந்தது ஒரு தேவாலயத்தின் பின்னறையில். பக்கத்து அறையில் பாடகர் குழு பயிற்சி எடுக்கும். ஒரு பெண் தான் பட்ட அடியை அழுது சொல்லிக்கொண்டிருப்பாள். சுவருக்கு அப்பாலிருந்து "அல்லேலூயா" என்பார்கள். இது போதாதென்று, அவள் வாய்க்குள் முனகுவதை அக்கா ஊருக்கே எடுத்துச் சொல்வார்.

"என்னது? முதுகுல மிதிச்சானா? எத்தன தடவ?"

பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்.

இனி இங்கே சரிவராது என்று டீச்சர் வீடு தேடினார். சண்டை பிடித்துவிட்டு வரும் பொம்பளைகளுக்கு வீடு தர ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் கிடைத்தது ஒரு பழைய சாராயத் தவறணை. தவறணை வேறு தெருவுக்கு மாறிப்போய், கட்டிடம் பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் எதிர்ப்பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி. உள்ளே இருந்த வாடைக்கு வேறு யாரும் குடிவராததால் எங்களுக்குத் தரச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"டீச்சர், ஒரு தடவ சண்டச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டாலும் மறுநாளே காலி பண்ணிறணும்."

முப்பது வருஷமாகத் தினமும் மண்டை உடைந்த கட்டிடம் அது. டீச்சர் அதைச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அக்காவைத்தான் பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? நான் மெதுவாவே பேசுறேன்" என்றார் அக்கா. எதிர்க்கடையில் முதலாளி தலையை நிமிர்த்தினார்.

குடிபோன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அலுமாரி, மேசை, தையல் மெஷின் எல்லாவற்றையும் பெண்களே சுமந்தார்கள். கொழுந்துக் கூடை சுமந்த முதுகுகளுக்கு அலுமாரி ஒரு பாரமாகத் தெரியவில்லை. டைப்ரைட்டரை நான் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம், சுண்ணாம்பு அடித்தோம். சாராய வாடை அசையவில்லை. முதல் வாரம் நான் அடித்த கடிதங்களை முகர்ந்து பார்த்த பொலிஸ்காரர் ஒருவர், "மிஸ், நீங்க நல்லா இருக்கீங்கதானே?" என்று விசாரித்தார்.

வாடையைவிடப் பெரிய தொல்லை, பழைய வாடிக்கைக்காரர்கள். வேலை முடிந்ததும் கால்கள் தாமாகவே அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டன. கம்பி போட்ட கவுண்டர் அப்படியே இருந்தது. அதன் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"கால் போத்தல்" என்று ஒருவர் வெறும் போத்தலை நீட்டினார்.

"வரிசையில நில்லுங்க."

நின்றார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார். ஒரு பெரியவர் ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளித்து, புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வர்ற சரக்குல காட்டம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார்.

இரண்டாம் வாரம் செல்லம்மா வந்தாள். கைக்குழந்தை, வீங்கிய கண். வந்து இரண்டு நாளாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தாள். அவளுடைய பெயரையும் புருஷன் பெயரையும், இருவரின் தகப்பன் பெயரையும்கூட, அவளைக் கூட்டி வந்த பெண்தான் அக்காவிடம் சொன்னாள். நான் கடிதத்தாளை மெஷினில் சொருகி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அவள் புருஷன் சன்னாசி வந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், கையில் கவ்வாத்துக் கத்தி. கூடவே நாலு பேர். செல்லம்மா குழந்தையோடு அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எதிர்க்கடை வாசலில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு சத்தம் கேட்டால் போதும், நாங்கள் தெருவில் நிற்போம். டீச்சரின் உதடு எதையோ ஜெபித்தது. எனக்குச் சன்னாசியைவிட அக்காவின் தொண்டையை நினைத்துத்தான் பயம்.

அக்கா தையல் வகுப்புக்கு வருகிறவர்களைக் குறிக்கும் டாப்புப் புத்தகத்தை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பிறகு, நான் அதற்கு முன் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கூப்பிட்டார்.

"பழனியாண்டி மகன் சன்னாசி."

"இருக்கேங்க" என்றான் சன்னாசி. பதினைந்து வருஷமாகப் பெரட்டில் பதில் சொன்ன பழக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது.

"வேல முடிஞ்சா கத்திய ஸ்டோர்ல குடுக்கிறதில்லையா?"

அவன் கத்தியைப் பார்த்தான். பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் எப்போதோ வரிசையில் நின்றுவிட்டிருந்தார்கள். கத்தி கம்பிக்குள்ளே வந்தது. அக்கா அதைத் தன் காலடியில் போட்டுக்கொண்டார்.

"எம் பொஞ்சாதிய அனுப்புங்க" என்றான். குரல் பாதி இறங்கியிருந்தது.

"அவ பேரும் இதுல இருக்கு. கூப்புட்டுக் கேக்குறேன்." அக்கா உள்ளே திரும்பி, அதே சின்னக் குரலில், "மருதமுத்து மகள் செல்லம்மா" என்றார்.

பிளேன்டீ கேத்தல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு அலுமாரிக்குப் பின்னாலிருந்து, "வரமாட்டேன்" என்று கேட்டது.

அக்கா புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். "வரமாட்டாளாம். வேணும்னா நாளைக்கு வந்து கேளு. கத்தி இல்லாம வா."

அவன் அடுத்த ஒன்பது நாளும் வந்தான். தினமும் பெயர் கூப்பிடப்பட்டது, தினமும் அதே பதில் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பதில் கொஞ்சம் பலமாகக் கேட்டது; அலுமாரியிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்தும் கேட்டது. ஒன்பதாம் நாள் செல்லம்மா கவுண்டருக்கே வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதன் பிறகு அவன் வரவில்லை. அவள் மஸ்கெலியாவில் தமக்கை இருக்கும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குப் போனாள். அவள் சொல்லி நான் அடித்த கடிதம் இரண்டு பக்கம் வந்தது.

முதலாளி ஒருநாள் வந்தார். காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லியே, உள்ளுக்கு ஆள் இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்றார். அக்கா அவரையும் வரிசையில் நிற்கச் சொல்லி டீ கொடுத்தார்.

அந்த டாப்புப் புத்தகத்தைப் பிறகு நான் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் கோடுகள். எழுத்து ஒன்றுகூட இல்லை. அத்தனை பெயரும் தகப்பன் பெயரோடு அவர் தலைக்குள்ளேதான் இருந்திருக்கின்றன.

நான்கு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். அந்தக் கடிதங்களையெல்லாம் அடித்தவளுக்குக் கல்யாணம் என்றாலே பயம். நானுஓயாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தபோது வேண்டாம் என்றேன். அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். இரண்டு நாள் அந்த ஊரில் என்ன செய்தாரோ தெரியாது. திரும்பி வந்து, "அவன் அம்மாவுக்கு வெறகு ஒடைச்சுக் குடுக்குறான் தங்கச்சி. நாய்கிட்டகூட மெதுவாத்தான் பேசுறான். மத்தத நீ யோசி" என்றார்.

யோசித்துச் சரி என்றேன். கல்யாணத்தன்று நல்ல மழை, பஸ் ஓடவில்லை. மணவறையில் உட்கார்ந்து, சொந்தக்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் உரச்சாக்கை மழைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு அக்கா உள்ளே வந்த பிறகுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டினேன்.