வடக்குப் பக்கத்து வண்டி

கிரீட்டுக்குத் தெற்கே, நெப்ராஸ்கா
மார்ச் 12, புதன்கிழமை

மேன்மைமிகு ரோசலி அக்கா அவர்களின் சமுகத்துக்கு,

உடன்பிறந்த தம்பி மிலோ குபிசெக் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் சம்சாரம் ஜார்ஜினும் பன்னிரண்டு கன்றுக்குட்டிகளும் சுகம். தாங்களும் தங்கள் இடது முழங்காலும் அரிசோனா வெயிலில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் கோவிலில் கேட்டுக்கொள்கிறோம். பனி உருகிவிட்டது, சேறு மட்டும் பாக்கி. ‘தாங்கள்’ என்று எழுதியதைப் பார்த்ததுமே ‘இவன் என்னமோ பண்ணித் தொலைச்சிருக்கான்’ என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டியிருப்பாய். ஏன், ஒரு தம்பி தன் அக்காவுக்கு மரியாதையாக எழுதக் கூடாதா?

ஏப்ரல் பதினேழாம் தேதி ஒமாஹாவில் விமானத்தில் வந்து இறங்குகிறாய் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். அதில் உன் வண்டியைப் பற்றி நீ எதுவுமே கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உதைக்கிறது. வண்டி எங்கும் போய்விடவில்லை அக்கா, நீ அக்டோபரில் குளிருக்குப் பயந்து அரிசோனா கிளம்பும்போது விட்டுப்போன அதே ஷெட்டில்தான் இருக்கிறது, பெரும்பகுதி. அது டுவைன் அத்தான் கடைசியாக வாங்கிய பிக்கப் என்பதும், அத்தான் போன இந்த மூன்று வருஷமாக நீ ஊருக்கு வந்து இறங்கியதும் முதல் காரியமாக அதில்தான் கல்லறைக்குப் போவாய் என்பதும், அதன் ரேடியோவுக்குள் இருக்கும் அத்தானின் பாட்டுத் தட்டை ஒருத்தரும் தொடக் கூடாது என்று நீ போட்ட சட்டமும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததனால்தான் நாலு நாளாகச் சோறு இறங்காமல் இதை எழுதுகிறேன். ஆனால் ஆதியிலிருந்து சொன்னால்தான் தப்பு யார்மேல் என்று உனக்கு விளங்கும்.

காற்றைத் தடுக்க நட்ட நம் மரவரிசைக்குள் நின்றுகொண்டிருந்த 1951-ஆம் வருஷத்துப் பிக்கப் உனக்கு நினைவிருக்கும், பின்தொட்டிக்கு நடுவே முசுக்கொட்டை மரம் முளைத்த வண்டி. இருபது வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், பன்றிக்கறியும் கொழுக்கட்டையும் தின்றுவிட்டு, அத்தானும் நானும் ஆளுக்கொரு பீரோடு அதன்முன் போய் நின்று திட்டம் போடுவோம். பழைய உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் இந்தக் காலத்துச் சின்ன பிக்கப் ஒன்றின் சேஸ் என்கிற அடிச்சட்டம், எஞ்சின், பிரேக் எல்லாவற்றையும் கொடுத்து ஓட்டுவது. ‘மேல தாத்தா, கீழ பேரன்’ என்பார் அத்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நூற்றுப் பதினெட்டு அங்குலம் இருக்கிற வண்டிதான் தோது என்று அளந்து சொன்னதும் அவர்தான். இருபது வருஷத்தில் நாங்கள் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை என்பது உண்மை. நீயும் ஜார்ஜினும் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்ததும் உண்மை.

நவம்பரில் ஏலத்தில் எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளைப் பிக்கப். ஆலங்கட்டி அடித்துக் கூரையெல்லாம் குழி, ஆனால் எஞ்சின் கல்லு மாதிரி. உன் வண்டியின் அதே ரகம், அதே நிறம், அதே நூற்றுப் பதினெட்டு அங்குலம். அதைக் கொண்டுவந்து ஷெட்டில் உன் வண்டிக்குப் பக்கத்திலேயே விட்டேன். என்னுடையது வடக்கே, உன்னுடையது தெற்கே. ஜார்ஜின் ஒரே மாதிரி இரண்டு பழுப்புத் தார்ப்பாய் வாங்கிவந்து இரண்டையும் போர்த்தினாள், ஆகவே முதல் தப்பு அவளுடையது. டிசம்பர் பனிப்புயலில் பாதை மூடிக்கொண்டது, பனி தள்ளும் எந்திரமோ இரண்டு வண்டிக்கும் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது, நான் டிராக்டரில் கயிறு கட்டி இரண்டையும் வெளியே இழுத்து, வேலை முடிந்து திரும்ப உள்ளே தள்ளினேன். வாசலில் கையுறையோடு நின்ற ஜார்ஜின், “ஏய்யா மிலோ, வடக்கே நின்னதைத் தெற்கே விட்டுட்டியே” என்றாளாம். நான் “எல்லாம் எனக்குத் தெரியும், நீ உள்ள போ” என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கவுண்டியின் ரோடுகளைச் சமன் செய்தவனுக்கு வடக்கு எது என்று ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்று நான் நினைத்திருக்கலாம்.

பிப்ரவரியில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வெல்டர் எல்டன் போஸ்பிசிலை உனக்குத் தெரியுமே, அவனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஆபரேஷன் ஆன நாலாம் நாள் காலையில், ஏலத்து வண்டியின் கேபினைக் கழற்ற, கேஸ் சிலிண்டரோடு வந்து நின்றுவிட்டான். நான் ஷெட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில், ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, இன்னொரு கண்ணில் இன்னும் எடுக்காத புரை, மேலே கம்பளி.

“எதுடா மிலோ, ரெண்டு வண்டி நிக்குது?”

“வடக்கே நிக்கிறதுடா.”

தார்ப்பாய் சரசரவென்று இறங்கிய சத்தம் கேட்டது. அவன் கூரையைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, “ஆலங்கட்டி அடிச்ச வண்டின்னு சொன்னியே, ஒரு குழியைக்கூடக் காணோமே?” என்றான்.

“அதான்டா நான் ஏலத்துல பாத்து எடுத்த லட்சணம். எல்லாரும் குழி குழின்னு பயந்து ஓடினானுங்க. உன் கண்ணு வேற, என் கண்ணு வேற.”

இதை நான்தான் சொன்னேன் அக்கா, ஒளிக்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பாய். அதில் அக்டோபர் சேறு. சாவி வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்பாய். சாவி இரண்டு வண்டியிலும் வண்டியிலேயே தொங்கியது, நம் ஊரில் யார்தான் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள்? மத்தியானத்துக்குள் எல்டன் கேபினை அறுத்து எடுத்துவிட்டான். அறுத்து என்று எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள் அக்கா. போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது, அவன் நெருப்பைக் கொடுத்துவிட்டான். இனி திரும்ப வைக்க முடியாது.

அதன்பின் நடந்ததெல்லாம் சகுனம் பார்த்துச் செய்ததுபோல நடந்தது, அதுதான் கொடுமை. முசுக்கொட்டை மரத்தை அறுத்து, பழைய கேபினை டிராக்டர் வாளியில் தூக்கி, அந்தச் சேஸின்மேல் இறக்கினோம். அத்தானின் அளவு ஒரு நூல் பிசகவில்லை. பின்மட்கார்டின் வளைவுக்கு நட்டநடுவே சக்கரம் வந்து நின்றது. நான் விசிலடித்தேன், எல்டன் தொப்பியைக் கழற்றி மேலே போட்டான், அது உத்தரத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. மூன்று வாரம் ஒயரிங். இந்தக் காலத்து வண்டிக்குத்தான் எத்தனை நரம்பு! தன் கதவுகள் போன இடம் தெரியாமல், கதவு திறந்திருக்கிறது கதவு திறந்திருக்கிறது என்று டிங் டிங் என அது அழுதுகொண்டே இருந்தது. எல்டன் அதைப் பார்த்து “அழாதடி கண்ணு, உனக்கு வேற கதவு போட்டுத் தர்றேன்” என்று சமாதானம் சொன்னான்.

போன சனிக்கிழமை. ரேடியோவையும் மீட்டரையும் ஒரு பால் கூடைமேல் வைத்து ஒயரை இழுத்துக்கொடுத்து, பேட்டரியைச் சேர்த்து, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. கூடவே கூடைமேலிருந்து ஷெட்டே அதிரும்படி அக்கார்டியன் கிளம்பியது.

எந்தப் பாட்டு என்று நான் எழுதத் தேவையில்லை. அத்தான் ஸ்டியரிங்கில் தாளம் போடுவாரே, அந்த போல்கா ஆட்டப் பாட்டுதான். எல்டன் மெதுவாக ஓரத்தில் நின்ற இன்னொரு வண்டியின் தார்ப்பாய் முனையைத் தூக்கிப் பார்த்தான். கூரை முழுக்கக் குழி. “மிலோ,” என்றான், “நாம யாரோட வண்டியை அறுத்திருக்கோம்?” கோலாச் பன் தட்டோடு உள்ளே வந்த ஜார்ஜின், “இது டுவைன் பாட்டாச்சே!” என்று அப்படியே நின்றுவிட்டாள். ரேடியோவை அணைக்க மூன்று பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை. பதினொரு பாட்டும் முடிகிறவரை நின்றோம்.

மறைக்கப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். மீதியிருக்கிற என் வண்டியின் குழிகளைத் தட்டி நிமிர்த்தி அதையே உன்னுடையது என்று நிறுத்திவிடலாமென்று சுத்தியலோடு உட்கார்ந்தேன். நாற்பது குழிவரை போனேன். ஜார்ஜின் பார்த்துவிட்டு, “ஏய்யா, அவ கண்ணுலயும் புரைன்னு நெனச்சியா?” என்றாள். சுத்தியலைக் கீழே போட்டேன். திங்கட்கிழமை, புது வண்டிக்குக் காகிதம் வாங்க நான் முன்பே சொல்லிவைத்திருந்தபடி, ஷெரிஃப் ஆபீசிலிருந்து சேஸ் நம்பர் பார்க்க ஒரு இளைஞர் வந்தார். டார்ச் அடித்துச் சேஸுக்கு அடியில் படுத்தவர் படுத்தபடியே கேட்டார்: “இந்த நம்பர் ரோசலிங்கறவங்க பேர்ல இருக்கே, யார் அவங்க?”

“எங்க அக்கா.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“ஏப்ரல்ல தெரியும்.”

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, “எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க சார்,” என்றார். “இன்னைக்கே எழுதிடுங்க.” நான் அன்றைக்கு எழுதவில்லை, நேற்றும் எழுதவில்லை.

மேலே தார்ப்பாயை இழுத்தேன், பனிப்புயலை இழுத்தேன், எல்டனை இழுத்தேன். எல்லாம் வெறும் சால்ஜாப்பு. ஜார்ஜின் சொன்னாள், எல்டன் கேட்டான், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு என்னுது அக்கா. என்னுது மட்டும்தான். அத்தான் உனக்கு விட்டுப்போன பொருளை நான் அறுத்துப்போட்டேன். என்னை மன்னிச்சிடு. இத்தனை வயசுக்கப்புறம் அக்கா பேசமாட்டாளோ என்கிற பயம் சின்னப் பிள்ளைக்கு வருவதுபோல வருகிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அதை ஓட்டினேன். கதவு மாட்டி, பெஞ்சு சீட்டு வைத்து, கப்பிரோட்டில் கோவில்வரை போய்த் திரும்பினேன். வெளியே அதே வெளிறிய பச்சை, அதே குண்டு மூக்கு, 1951 அப்படியே. பிரேக்கில் கால் வைத்தால் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஐம்பது மைல் வேகத்திலும் ஒரு நடுக்கம் கிடையாது. கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் இன்னும் டிங் டிங் என்கிறது, மூடியிருந்தாலும். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். அத்தான் இருந்திருந்தால் என்னை ஸ்டியரிங்கில் உட்காரவே விட்டிருக்க மாட்டார். அப்படி ஓடுகிறது அக்கா. சட்டப்படி அது உன்னுடையது. வைத்துக்கொள், கொடுத்துவிடு, இல்லை என் கால்மேல் ஏற்று, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். பதினேழாம் தேதி அதில்தான் ஒமாஹா வருவேன். ஏற மனசில்லை என்றால் பின்னாலேயே எல்டன் அவன் காரில் வருவான், அதில் ஏறிக்கொள். ஆனால் முதலில் ஒருதரம் பார்.

உன் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எங்கள் வணக்கம். ஆண்டவன் உன் முழங்காலுக்கு வலுவையும், என் விஷயத்தில் உனக்குப் பொறுமையையும் தரட்டும்.

உன் கோபத்துக்கு முழுத் தகுதியுள்ள,
தம்பி மிலோ

பி.கு.: இந்தக் கடிதத்தை மடிக்குமுன் ஜார்ஜின் வாங்கிப் படித்தாள். படித்து முடித்துச் சமையலறைக்குப் போய், ரொட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்து என்முன் வைத்தாள். உன் கையெழுத்து. இருபத்தெட்டாம் தேதி என் எழுபதாவது பிறந்தநாளைக்குக் கொடுக்கச் சொல்லி டிசம்பரிலேயே நீ அனுப்பினாயாம். உள்ளே உன் வண்டியின் உரிமைக் காகிதம், என் பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டது. கூட ஒரு துண்டு: ‘மிலோ, நான் இங்கே சின்னதாக ஒரு கார் பார்த்துக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்து அந்தப் பழசுக்கு அடியில் போடு. இருபது வருஷம் நின்று நின்று பார்த்தீர்களே, இனியாவது அவரும் உன்கூட ஓடட்டும்.’

“அடிப்பாவி, கையிலயே வச்சுக்கிட்டு நாலு நாளா நான் தவிக்கிறதைப் பாத்துட்டு இருந்தியா?” என்றேன். “ரகசியம்னு அவ சொன்னா, காப்பாத்தினேன். நீ எழுதுறியா இல்லையான்னும் பாக்க வேண்டியிருந்தது” என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். “எழுபது வருஷத்துல ‘தப்பு என்னுது’ன்னு நீ எழுதின முதல் காகிதம் இது, இதைக் கிழிக்க விடுவேனா? ரோசலி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டுவா” என்று ஸ்டாம்பை நக்கிக்கொண்டு தலைக்குமேல் நிற்கிறாள். சட்டம் போட்டால் போட்டுக்கொள். கண்ணில் தண்ணீர் வருகிறது அக்கா, ஆபரேஷன் பண்ணாத கண்ணிலும் வருகிறது.